எங்கள் ஊர் ஆபீசும் 360 டிகிரியும்

பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் நாரணாபுரத்தில் யாராவது "ஆபீசுக்குப் போறேன்" என்று சொன்னால், அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், இல்லாவிட்டால் அச்சாபீஸ். தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு காலையில் வேன் ஏறுகிற எல்லோரும் ஆபீஸ் ஆட்கள்தான். என் சித்தி இருபது வருடமாக வெடி ஆபீஸ் ஆள்.

போன செமஸ்டரில் மனிதவள மேலாண்மை வகுப்பில் எங்கள் பேராசிரியர் போர்டில் ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு பொம்மை. மேலே 'மேலதிகாரி', கீழே 'கீழே வேலை செய்பவர்கள்', இரண்டு பக்கமும் 'சக ஊழியர்கள்', ஓரத்தில் 'வாடிக்கையாளர்'. எல்லாரிடமிருந்தும் நடுவில் இருக்கிற பொம்மையை நோக்கி அம்புக்குறிகள். "இதுதான் 360 டிகிரி பின்னூட்டம். ஒரு ஆளைப் பற்றி அவருடைய மேலதிகாரி மட்டும் சொன்னால் போதாது. சுற்றி இருக்கிற எல்லாரிடமும் கேட்டு, அதை அவரிடமே கொடுத்து, அவர் தன்னைத் திருத்திக்கொள்ள உதவ வேண்டும்" என்றார். புத்தகத்தில் இதற்குப் பல்முனைப் பின்னூட்டம் என்று பெயர்.

எனக்கு உடனே சித்தியின் ஞாபகம்தான் வந்தது. இருபது வருடத்தில் அவரிடம் யாராவது "உங்க போர்மேன் எப்படி?" என்று கேட்டிருப்பார்களா? இந்த அம்புக்குறி எப்போது, யாருக்காக, எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

நம் ஆட்கள் எதற்கும் சோழர் காலத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படியே :-) காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, அடுத்தது 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள். (இதை வைத்து "360 டிகிரி முறையைக் கண்டுபிடித்தது தமிழனே" என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நான் பொறுப்பில்லை.)

எனக்கு அந்தக் கல்வெட்டில் முக்கியமாகப் பட்டது தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்களுக்கும் இடமில்லை. குற்றம் செய்ததாகத் தெரிந்தால் பதவிக் காலம் முடியும் முன்பே நீக்கலாம். அதாவது ஒருவன் எப்படி வேலை செய்தான் என்பதைச் சொல்வது அவனுக்கு மேலே இருக்கிற ராஜா மட்டுமல்ல, அவனோடு சபையில் உட்காருகிறவர்களும்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அது பிராமணர்களின் சபை. வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். ஏரியில் மண் வெட்டியவனிடம் ஏரி வாரியத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை. பக்கத்து அம்பு இருந்தது. கீழிருந்து வரும் அம்பு இல்லை.

அங்கிருந்து ஒரே தாவலாக வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். அரசாங்க உத்தியோகத்தில் 'ரகசிய அறிக்கை' என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவரைப் பற்றி எழுதுவார். அதற்கு மேலே இருப்பவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எழுதப்பட்டவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ரொம்ப மோசமாக எழுதினால் மட்டும் தகவல் சொல்வார்கள். சுதந்திரம் வந்த பிறகும் இந்த வழக்கம் அப்படியே நீடித்தது. வட்டத்தில் ஒரே ஒரு அம்பு, அதுவும் கவருக்குள் ஒட்டிய அம்பு.

இது எவ்வளவு தூரம் ஆளை அடிக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. தேவ் தத் என்பவர் எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளர். அவருக்கு மேல்பதவி கிடைக்கவில்லை. காரணம், 1993-94 வருட அறிக்கையில் அவருக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'மிக நன்று'. 'நன்று' என்பது கெட்ட வார்த்தை இல்லையே, அதனால் அவரிடம் சொல்லவே இல்லை! உச்ச நீதிமன்றம் 2008 மே மாதத்தில், அறிக்கையில் எது எழுதினாலும், நல்லதோ கெட்டதோ, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு எழுதிய அமர்வில் இருந்த மார்க்கண்டேய கட்ஜு அதற்குச் சில வருடம் முன்பு நமது சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அகில இந்தியப் பணிகளுக்கு மட்டும் 2007லேயே புது விதிகள் வந்து, 'ரகசிய' என்ற சொல் போய், 'செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை' ஆகியிருந்தது. மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும் முழு அறிக்கையைக் காட்ட வேண்டும் என்ற ஆணை 2009இல் வந்தது. தன்னைப் பற்றி எழுதியதைத் தானே படிக்கும் உரிமை அரசு ஊழியருக்குக் கிடைக்கவே 60 வருடம் ஆனது என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

தனியார் பக்கம் கதை வேறு. வெளிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, யார் நல்ல அதிகாரியாக வருவான் என்று கூட இருக்கும் வீரர்களையே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூடப் படுத்து, கூடச் சாப்பிட்டு, கூட ஓடுகிறவனுக்குத் தெரியாதது மேலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? 1950களில் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு, ஊழியர்களைப் பற்றிப் பல பக்கமிருந்தும் கருத்து வாங்கியதைத்தான் கம்பெனிகளில் இதற்கு ஆரம்பமாகச் சொல்கிறார்கள். 1990களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் இதைப் பிடித்துக்கொண்டதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதே வெல்ச் பிற்பாடு தன் புத்தகத்தில், நாளாக ஆக ஆட்கள் ஒருவரையொருவர் நல்லபடியாக எழுதி எல்லாருமே நல்ல மார்க் வாங்கப் பழகிவிட்டார்கள் என்கிற மாதிரி ஒத்துக்கொண்டிருக்கிறார். நம் கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு 'சக மாணவர் மதிப்பீடு' வைத்தபோது என்ன நடந்தது என்று வகுப்பு நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து, அத்தனை பேருக்கும்!

இந்தியாவில் இதற்கு விதை போட்டது 1974இல். லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனி, தன் ஊழியர் மதிப்பீட்டு முறையைச் சரிசெய்து கொடுங்கள் என்று அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் இரண்டு பேரைக் கேட்டது. ஒருவர் உதய் பாரீக், இன்னொருவர் டி.வி. ராவ். அவர்கள் படிவத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஃபீஸ் வாங்கிப் போயிருக்கலாம். அதைச் செய்யவில்லை. 1975இல் அவர்கள் கொடுத்த அறிக்கையில், மதிப்பீடு வேறு, ஆளின் எதிர்காலத் திறனைப் பார்ப்பது வேறு, கருத்தைத் திருப்பிச் சொல்லி உட்கார்ந்து பேசுவது வேறு, பயிற்சி வேறு, இவை எல்லாம் தனித்தனி, ஆனால் ஒன்றோடொன்று கோத்தவை என்றார்கள். அதற்கென்று தனித்துறையும் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் 'மனிதவள மேம்பாடு' என்ற பெயரில் ஒரு துறை நம் நாட்டுக் கம்பெனி ஒன்றில் முதலில் வந்தது. அதுவரை பர்சனல் டிபார்ட்மென்ட் என்றால் லீவு, சம்பளம், மெமோ, இவ்வளவுதான்.

டி.வி. ராவ் அங்கே நிற்கவில்லை. 1980களின் நடுவில் ஐ.ஐ.எம்.மில் மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்பு நடத்தியபோது, வருகிற மேலாளரைப் பற்றி அவருக்கு மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கினார். பயிற்சிக்கு வந்தவர் கையில் அந்தத் தொகுப்பைக் கொடுப்பார். கம்பெனிக்குக் கொடுக்கமாட்டார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உன்னைப் பற்றி உன் ஆட்கள் சொன்னது உனக்குத்தான். அதை வைத்து உன் சம்பளத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதனால் உனக்கும் கோபம் வராது, எழுதியவனுக்கும் பயம் இருக்காது. 'வளர்ச்சிக்கு' என்றும் 'மதிப்பீட்டுக்கு' என்றும் இரண்டாகப் பிரித்துப் புத்தகத்தில் டேபிள் போட்டிருக்கிறதே, அந்த டேபிளின் முழு அர்த்தம் இந்த ஒரு விஷயம்தான்.

அடுத்து ஹெச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி என்ற கிராமத்துக்காரர் என்பதால் நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கதையின் நாயகன் அவர் இல்லை, வினீத் நாயர். 2005இல் அவர் ஹெச்.சி.எல். டெக்னாலஜீஸின் தலைவராக வந்தார். 'ஊழியர் முதலில், வாடிக்கையாளர் அடுத்து' என்பது அவர் கோஷம். (அண்ணாச்சி கடையில் இந்த வாசகத்தை எழுதித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.)

அந்தக் கம்பெனியில் 360 டிகிரி ஏற்கனவே இருந்தது. எல்லாக் கம்பெனியிலும் இருப்பது போல ஒப்புக்கு. ஒரு மேலாளரைப் பற்றி அவருக்கு வேண்டிய நாலு பேரே திரும்பத் திரும்ப எழுதினார்கள், அதை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. நாயர் செய்தது என்ன? தன்னைப் பற்றி ஊழியர்கள் எழுதியதை, கெட்டதையும் சேர்த்து, கம்பெனியின் உள்வலையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பெரியவர் போட்டபின் மற்ற மேலாளர்கள் போடாமல் இருந்தால், "இவன் எதையோ மறைக்கிறான்" என்று ஆகிவிடும் அல்லவா? ஒவ்வொருவராகப் போட ஆரம்பித்தார்கள். பிறகு இன்னொரு மாற்றம். நேரடியாகக் கீழே வேலை செய்பவர் மட்டும் என்றில்லாமல், அந்த மேலாளரின் வேலையால் யாருக்கெல்லாம் பாதிப்போ அவர்கள் எல்லாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். அதே சமயம் அந்த மார்க்கைப் பதவி உயர்வோடோ சம்பளத்தோடோ முடிச்சுப் போடவில்லை. 2010இல் நாயர் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார்.

அவர் எழுதிய புத்தகத்தில் அவர் நல்லவராகத்தான் தெரிவார். அதைக் கொஞ்சம் உப்போடுதான் படித்தேன். ஆனாலும், மேலே இருக்கிறவன் முதலில் தன் சட்டையைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் மற்றவர்களைக் கேட்டான் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை டெல்லியில் நடந்தது. 2015 வாக்கில் மத்திய அரசு, இணைச் செயலாளர் முதல் மேலே உள்ள பதவிகளுக்கு ஐ.ஏ.எஸ். போன்ற அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இந்தப் பல்முனைப் பின்னூட்டத்தைக் கொண்டுவந்தது. எதற்கு? வருடாந்தர அறிக்கையில் எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பதரை விழுந்துகொண்டிருந்தால் அதை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? நியாயமான கேள்விதான். அதனால் அதிகாரியோடு வேலை பார்த்த மேலோர், சமமானவர், கீழோர் எனப் பலரிடமும் கேட்டார்கள். எப்படி? பெரும்பாலும் போனில், வாய்வார்த்தையாக. யாரிடம் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று அதிகாரிக்குத் தெரியாது. பெயர் பட்டியலில் வராதபோதுதான் தனக்கு எதிராக யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். 2017 ஆகஸ்டில் பணியாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92வது அறிக்கையில், இந்த முறை வெளிப்படைத்தன்மை இல்லாதது, தனிப்பட்ட அபிப்பிராயத்தைச் சார்ந்தது, கீழே இருப்பவர்களும் உடன் இருப்பவர்களும் பழி தீர்க்க இதைப் பயன்படுத்தலாம் என்றெல்லாம் குறை சொன்னது.

பாருங்கள், 2008இல் ஒரு கதவைத் திறந்து 'எழுதியதைக் காட்டு' என்றார்கள். ஏழு வருடத்தில் இன்னொரு கதவு வழியாக ரகசிய அறிக்கை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, 360 டிகிரி என்ற புதுச் சட்டையோடு. அம்புகள் நாலு பக்கமிருந்தும் வருகின்றன. நடுவில் இருக்கிற பொம்மைக்குத்தான் கண்ணைக் கட்டிவிட்டார்கள். டி.வி. ராவ் அதே கேள்வித்தாளை அதிகாரியிடம் கொடுத்தார், நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. டெல்லி நிறுவனத்திடம் கொடுத்தது, அதிகாரியிடம் கொடுக்கவில்லை.

சரி, நல்லபடியாகச் செய்தால் இது பலன் தருமா? இதில் என் கருத்தைவிட ஆராய்ச்சி எண்களைப் பார்ப்பது நல்லது. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு பேர் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 607 முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் வேலையை மேம்படுத்துகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துச் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருக்கிறது! கருத்து வேலையைப் பற்றி இல்லாமல் ஆளைப் பற்றிப் போகும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 2000இல் வந்த இன்னொரு ஆய்வு 4,492 மேலாளர்களுக்கு மேலே, கீழே, பக்கத்தில் இருந்தவர்கள் போட்ட மார்க்குகளை அலசியது. மார்க்குகளில் காணும் வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் மார்க் போட்ட ஆளின் குணத்தைத்தான் காட்டியது, வாங்கிய ஆளின் வேலையை அல்ல. கை தாராளமானவன் எல்லாருக்கும் தாராளம், கஞ்சன் எல்லாருக்கும் கஞ்சம்.

இதைப் படித்ததும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் 1999இல் வாக்கரும் ஸ்மிதரும் எழுதிய ஒரு ஆய்வு கிடைத்தது. 252 மேலாளர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கீழே வேலை செய்தவர்கள் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டவர்களைவிட, அதை எழுதியவர்களோடு உட்கார்ந்து "நீங்க இப்படிச் சொல்லியிருக்கீங்க, என்ன செய்யலாம்?" என்று பேசியவர்கள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். பேசிய வருடத்தில் முன்னேற்றம், பேசாத வருடத்தில் அவ்வளவு இல்லை. அப்படியென்றால் படிவம் பெரிய விஷயமே இல்லை, அதற்குப் பிறகு நடக்கிற பேச்சுதான்.

இனி ஊருக்கு வருவோம்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்து சிவகாசியில் தொழில் ஆரம்பித்தார்கள், 1940க்குப் பிறகு பட்டாசு பெருகியது என்ற கதை எல்லாருக்கும் தெரியும். வெளியே அவ்வளவாகத் தெரியாதது வெடி ஆபீசின் உள்ளமைப்பு. சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதபடி. அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு உண்டு. உற்பத்தி அறைகளில் பொதுவாக நாலு பேருக்கு மேல் கூடாது. அறையைப் பார்த்துக்கொள்வது போர்மேன். அவருக்கு மேலே மேனேஜர், அதற்கு மேலே முதலாளி. கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. தீபாவளி நெருங்கும்போது நாலு பேர் அறையில் ஆறு பேர் உட்காருவதும், மர நிழலில் வைத்து வேலை செய்வதும் நடக்கும் என்பதை ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணைச் செய்திகளில் படிக்கிறோம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் செத்துப்போனார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பேரில், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது வேறு ஆட்கள் என்று அப்போது பேசப்பட்டது.

இப்போது பேராசிரியரின் வட்டத்தை இங்கே போட்டுப் பாருங்கள். நடுவில் போர்மேன். அவர் விதியை மீறுகிறாரா, மருந்து அதிகம் வைக்கிறாரா, கோபக்காரரா, அவசரக்காரரா என்பது மேலே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. மேலே போவது எத்தனை பெட்டி என்ற எண்ணிக்கை மட்டும்தான். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு அந்த ஒரு நாள் மட்டும் தெரியும். முந்நூறு நாளும் தெரிந்தவர்கள் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்கள்தான். ஐ.டி. கம்பெனியில் கீழிருந்து வரும் அம்பு இல்லாவிட்டால் ஒரு மேனேஜர் முசுடாகவே இருந்துவிடுவார், அவ்வளவுதான். இங்கே?

இதைச் சட்டம் போட்டவர்கள் யோசிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். தப்பு. 1984 போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில் நடக்கும் இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41ஜி பிரிவு. உடனடி ஆபத்து என்று நியாயமான பயம் வந்தால் தொழிலாளி நேராகவோ குழு வழியாகவோ பொறுப்பாளரிடம் சொல்லலாம், கூடவே ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று 41ஹெச் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போய்விட்டாலும், இந்தக் குழுவும் இந்த உரிமையும் புதியதிலும் இருக்கின்றன. அதற்கும் ரொம்ப முன்னால், 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, சென்னை பக்கிங்காம் கர்னாடிக் மில்லில் 1922இல் தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஒரு கமிட்டி அமைத்திருக்கிறார்கள். ஆகக் கீழிருந்து வரும் அம்பு ஐ.ஐ.எம்.மிலிருந்து வந்தது இல்லை. அதற்கு முன்பே மில் வாசலில் இருந்திருக்கிறது. அதற்குப் 'பின்னூட்டம்' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் புத்தகத்து முறையை அப்படியே வெடி ஆபீசில் வைக்க முடியாது. 360 டிகிரியில் ஒரு அடிப்படை விதி, யார் எழுதியது என்று தெரியக்கூடாது. அதற்காக ஒரு பிரிவில் குறைந்தது மூன்று பேராவது எழுதினால்தான் தொகுத்துக் காட்டுவார்கள். ஆயிரம் பேர் கம்பெனியில் அது சரி. நாலு பேர் உட்காரும் அறையில் மூன்று பேர் எழுதினால் என்ன மறைவு? கையெழுத்தையே போர்மேன் கண்டுபிடித்துவிடுவார். போதாததற்குப் பலர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதைக் கழிக்கும்வரை அந்த ஆபீசை விட்டுப் போக முடியாது. தன் கடனைக் கணக்கில் வைத்திருக்கிற ஆளைப் பற்றி யார் எழுதித் தருவார்கள்?

நான் முயற்சி செய்து பார்த்தேன். வகுப்பு ப்ராஜெக்டுக்காகப் பத்துக் கேள்வியோடு தமிழில் ஒரு படிவம் தயார் செய்தேன். 'உங்கள் போர்மேன் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா?', 'மருந்து அளவு கூடினால் அவரிடம் சொல்ல முடியுமா?' இப்படி. ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போட வேண்டும். பேர் எழுத வேண்டாம். எங்கள் தெருவில், வெவ்வேறு ஆபீசுக்குப் போகிற ஏழு பேரிடம் கொடுத்தேன். சித்தியும் ஒருவர். மறுநாள் ஏழும் வந்தன. ஆறில் பத்துக் கேள்விக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து. என்னடா இது, நம் ஊர் போர்மேன்கள் எல்லாம் தங்கக் கட்டி போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஏழாவது தாளில் ஒன்றுமே இல்லை. மடித்த மடிப்புக் கூடக் கலையவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் சித்தியும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். படிவம் எதுவும் இல்லாமல் சும்மாதான் பேச்சுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம்! எந்தப் போர்மேன் மழை வரும்போல இருந்தால் உடனே வேலையை நிறுத்தச் சொல்வார், எவர் "இன்னும் ரெண்டு பலகை முடிங்க" என்பார், எவர் புதுப் பிள்ளைகளுக்கு மருந்தை எப்படித் தொட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார், எவர் ஆய்வு வரும் நாளில் மட்டும் வாளியில் மணல் நிரப்பி வைப்பார் என்று எல்லாம் வந்தது. பெயரில்லாமல் மார்க் போடச் சொன்னபோது வாயடைத்தவர்கள், பேரோடு ஊரோடு சொன்னார்கள். ஒரு போர்மேனைப் பற்றி மட்டும் நாலு பேரும் ஒரே குரலில் நல்லபடியாகச் சொன்னார்கள். அவர் தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் அறை அறையாக வந்து "நேத்து என்ன கொறை?" என்று கேட்பாராம். அவர் 360 டிகிரியைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

சித்தியிடம் தனியாகக் கேட்டேன்: "இதையெல்லாம் அந்தப் பேப்பர்ல எழுதியிருக்கலாமே சித்தி?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே திருப்பிக் கேட்டார்: "எழுதலாம்ப்பா. அதை யாரு படிப்பாக?"

நான் "எங்க சார்" என்றேன்.

"அவரு வந்து எங்க ரூம்ல ஆளைக் கொறைப்பாரா?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

ப்ராஜெக்டுக்கு நாற்பதுக்கு முப்பத்தி நாலு கிடைத்தது. அந்த ஏழு தாளும் என்னிடம்தான் இருக்கின்றன. வெற்றுத் தாள் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சித்தியிடம் கேட்டால் சிரிக்கிறார்.